நாலு பிள்ளைப் பள்ளிக்கூடம்

ஜன்னல் ஓரம் இவளே உட்காரட்டும் டீச்சர், நீங்கள் நடுவில் வாருங்கள். காற்று இல்லாவிட்டால் இவளுக்குக் குமட்டும். டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா பார்க்கிறீர்கள்? விரலில் சிவப்பு மை, மடியில் அட்டை போட்ட நோட்டுக் கட்டு. நானும் பத்தாம் வகுப்பு வரை படித்தவள்தான்.

நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை அதுவுமாக ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் பஸ்ஸில் என்ன செய்கிறாள், அதுதானே? எல்லாரும் கேட்டுவிட்டார்கள், கண்டக்டர் உட்பட. பள்ளிக்கூடம் இருக்கிறது, இவளுக்குத்தான் இல்லை. ஒரு மாதமாக நான் தினமும் இந்த பஸ்ஸில் உங்கள் டவுன் காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வருகிறேன். கண்டிஷன் பெயில். தள்ளி உட்கார வேண்டாம் டீச்சர், திருட்டுக் கேஸ் இல்லை. அடிதடிதான். டவுனில் இவளை ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்த்திவிட முடிந்தால் போதும், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியில் மரத்தடியில் காத்திருந்து சாயங்காலம் கூட்டிப் போய்விடுவேன். அந்த உதவியைத்தான் உங்களிடம் கேட்கப் போகிறேன். நடந்ததை மறைத்து வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது இல்லையா, அதனால் முழுதும் சொல்கிறேன். முக்கால் மணி நேரம் இருக்கிறது.

எங்கள் ஊர் ஈச்சம்பட்டி. இருநூறு வீடு. அதற்கு இரண்டு அரசாங்கப் பள்ளிக்கூடம். ஊருக்குள் ஒன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் ஒன்று. நடந்தால் ஆறு நிமிஷம். எதற்கு இரண்டு என்று என் மாமனாரைக் கேட்டால் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். அவர் மூணாப்புப் படிக்கும்போது மதியச் சோறு போட ஆரம்பித்தார்களாம். அதுவரை காலனிப் பிள்ளைகள் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பாடம் கேட்கும். சோறு வந்ததும் ஒருத்தன் தன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உள்ளே, வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டான். மாமனாருடைய அப்பா அந்த ஆளைத் தேடிப் பிடித்து அதே மரத்தில் கட்டி, பச்சைப் புளிய விளாரால் உரித்துவிட்டார். "ரெண்டு விளாரு முறிஞ்சுபோச்சு ஆத்தா. எங்கய்யா மூணாவது ஒடிக்கப் போனாரு. உள்ள வாத்தியாரு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாங்களும் சொல்லிக்கிட்டே இருந்தோம். இன்னிக்கு வரைக்கும் ஏழாம் வாய்ப்பாடு எனக்கு மறக்கல பாரு" என்பார். அந்த ஆள் பிழைத்தானா என்று ஒரு தடவை கேட்டேன். யாருக்குத் தெரியும் என்றார்.

அப்புறம் வம்பு வேண்டாம் என்று அரசாங்கமே ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக ஒன்று கட்டிக் கொடுத்துவிட்டது. நல்ல ஏற்பாடுதானே. அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில்.

எனக்கு இந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது டீச்சர். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளே காலனிக்காரிதான். செல்வராணி என்று பேர். உயர்நிலைப் பள்ளிக்கு இரண்டு பேரும் ஒரே பஸ், ஒரே பெஞ்சு. நடுவில் என் பை மட்டும் இருக்கும். கணக்கு எல்லாம் அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுப்பாள். எங்கள் கணக்கு சார் அடித்தார் என்றால் உள்ளங்கை தடித்துப் போகும். அவளை மட்டும் கம்பால் அடிக்க மாட்டார், தூர நின்று டஸ்டரை எறிவார். மரக்கட்டை டஸ்டர். ஒரு தடவை புருவம் கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். "ஒனக்காவது குறி பாத்து எறியுறாரு, எனக்குத்தான்டி கை வீங்குது" என்று கேலி பண்ணினேன். புருவத்தைத் தாவணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்தாள். நல்ல பிள்ளை. பதினொன்றாம் வகுப்பில் அரசாங்க சைக்கிள் கிடைத்ததும், ஊர் எல்லையில் இறங்கி எங்கள் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே போவாள். ஓடை தாண்டித்தான் மறுபடி ஏறுவாள். அவ்வளவு மரியாதை தெரிந்தவள். எனக்கு அந்தச் சைக்கிள் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மாதமே தாய்மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். நானூற்றுப் பன்னிரண்டு மார்க் டீச்சர். நானா சொல்லிக்கொள்ளக் கூடாது, இருந்தாலும் சொல்கிறேன். என் மகளாவது படிக்கட்டும் என்று நினைப்பது தப்பா சொல்லுங்கள்.

அதற்கப்புறம் ஊருக்குள் வேன் வந்தது. மஞ்சள் வேன், மெட்ரிக் பள்ளிக்கூடத்து வேன். முதல் வருஷம் ஐந்து பிள்ளை ஏறியது. அடுத்த வருஷம் இருபது. ஒருத்தர் வீட்டுப் பிள்ளை டை கட்டிக்கொண்டு ஏறினால் அடுத்த வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? ஊர்ப் பள்ளிக்கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. நான் தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகிற இலவச இடத்துக்கு இதோ இந்த ஓவியாவுக்காக எழுதிப் போட்டேன். குலுக்கல் நாளில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். வரவில்லை. சரி, நாம் படித்த பள்ளிதானே என்று ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டேன். அப்போது அங்கே மொத்தம் நாலு பிள்ளை. பூசாரி வீட்டு இரட்டைப் பிள்ளைகள், மளிகைக் கடைக்காரர் பேத்தி, இவள். காலனிப் பள்ளியில் முப்பத்தெட்டு.

பிள்ளை குறைந்த பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கச் சொல்லி இந்தக் கோடை விடுமுறையில் உத்தரவு வந்தது. பக்கத்துப் பள்ளி எது? காலனிதான். ஜூன் மாதம் திறக்கும்போது எங்கள் நாலு பிள்ளைகளும் ஓடையைத் தாண்டிப் போய் அங்கே உட்கார வேண்டும். ஊரே கொதித்துப்போனது.

ஊர்க் கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளையை நம் பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு. எல்லாரும் கை தூக்கினார்கள். மறுநாள் ஒருத்தரும் பிள்ளையை வேனிலிருந்து இறக்கவில்லை. "பேர மட்டும் எழுதிக்கங்க, பிள்ளை அங்கயே படிக்கட்டும்" என்றார்கள். ஹெச்.எம். அம்மா கையை விரித்துவிட்டார். இப்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர், அது கம்ப்யூட்டரில் ஒரு பள்ளியில்தான் நிற்கும். உங்களுக்குத் தெரியாததா.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம்மிடம் பிள்ளை இல்லை, அவர்களிடம் இருக்கிறது. பன்னிரண்டு பிள்ளையைக் காலனியிலிருந்து நம் பள்ளியில் சேர்த்துவிட்டால் நம்மை மூட மாட்டார்கள், நம் பிள்ளைகள் அங்கே போக வேண்டியதும் இல்லை. ஊர் பெரிய ஆட்கள் முதலில் முறைத்தார்கள். அப்புறம் யோசித்துப் பார்த்துவிட்டு, பொம்பளைகள் போய்ப் பேசுங்கள் என்றார்கள். ஐந்து பேர் போனோம், இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு. எங்கள் ஊர் பிறந்ததிலிருந்து அப்படி ஒருத்தர் போனதில்லை. நான்தான் முதல்.

ஓடைக்கரைப் புளிய மரத்தடியில் நின்று கூப்பிட்டோம். செல்வராணி வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்யாணமாகி, ஒரு மகள் இவள் வயதில். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி இப்போது அவள்தான். நாற்காலி கொண்டுவரச் சொன்னாள். வேண்டாம் என்றோம். தண்ணீர் கொடுத்தாள். இப்பத்தான் குடித்தோம் என்றோம்.

"என்ன ஜெயக்கொடி, வழி தவறி வந்துட்டியா?"

"ஒரு பன்னெண்டு பிள்ளைய எங்க பள்ளிக்கூடத்துல சேத்து விடுங்க செல்வி. மூடாம இருக்கணும்ல."

"எங்க பிள்ளைகளையா? ஊருக்குள்ளயா?"

"ஆமா. ஓடைப் பாதையா வந்து பின்வாசல்ல நுழைஞ்சிரலாம். தெருவ எதுக்குச் சுத்திக்கிட்டு. கெழக்கால ரூமு சும்மாதான் கெடக்கு, அங்க உக்காந்துக்கட்டும். தட்டு மட்டும் அவுகவுக வீட்ல இருந்து கொண்டாந்துரச் சொல்லு."

நியாயமாகத்தானே கேட்டேன்? அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் டீச்சர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாலு பிள்ளைக்காகப் பன்னெண்டு பிள்ளைய முட்டுக் குடுக்கச் சொல்ற. ஒங்க நாலையும் இங்க அனுப்பு தாயி. முன்வாசல் வழியாவே வரட்டும். தட்டு நாங்களே தாரோம்."

அவளுக்குப் பின்னால் நின்ற பொம்பளைகள் எல்லாரும் சிரித்தார்கள். "பழத்த வச்சிட்டுப் போங்க மதினி" என்று ஒரு கிழவி வேறு. மதினியாம். திரும்பி வரும்போது வாழைப்பழத்தை ஓடையில் போட்டுவிட்டோம். அந்தச் சிரிப்பு மட்டும் கூடவே வந்தது. அடுப்படியில் நின்றால் கேட்கும், குளிக்கும்போது கேட்கும்.

பள்ளி திறக்கிற அன்று பெஞ்சு, தட்டு, பீரோ எல்லாவற்றையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக் காலனிக்குக் கொண்டுபோகக் கல்வி அதிகாரி வருகிறார் என்று முந்தின நாளே தெரிந்துவிட்டது. பிள்ளையார் கோயில் முக்கில் மறிப்பது என்று முடிவு. பொம்பளைகள் முன்னால் நின்றால் போலீஸ் கை வைக்காது என்றார்கள். ஆம்பளைகள் கத்துவார்களே தவிர ஒன்றும் ஏற்பாடு பண்ணத் தெரியாது. நான்தான் பண்ணினேன். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் கைக்கு அடக்கமாகப் பார்த்துப் பொறுக்கி, சிமெண்டுச் சாக்கில் கட்டி, விடியும்போதே கொண்டுவந்து வைத்தேன். வயதான பொம்பளைகளுக்குச் சின்னக் கல், தோள் பிடித்துக்கொள்ளும் பாருங்கள். மிளகாய்ப்பொடியைச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து ஆளுக்கு இரண்டு கொடுத்தேன், கோயிலில் திருநீறு கொடுக்கிற மாதிரி. காற்று மேற்கே இருந்து அடிக்குது, வீசுகிறவர்கள் மேற்கே நில்லுங்கள் என்றும் சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் நம் கண்ணிலேயே விழும். ஓவியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

பத்தரை மணிக்குச் சாமான் ஏற்றின வண்டி வந்தது. முன்னால் அதிகாரி, பைக்கில். வண்டி நின்றதும் டிரைவர் இறங்கி ஓடியே போய்விட்டான். என் கொழுந்தன் சங்கிலி அதிகாரியின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அவர் பைக்கோடு விழுந்தார். மூக்குக் கண்ணாடி உடைந்து கன்னத்தில் குத்தி நின்றது. "அம்மா, இது கவர்மென்ட் ஆர்டரும்மா, நான் வெறும் சம்பளத்துக்கு வேல பாக்குற ஆளும்மா" என்று அவர் தரையில் உட்கார்ந்து கும்பிட்டார். பாவமாகத்தான் இருந்தது. சங்கிலி அவர் வாயிலேயே மிதித்தான்.

அதற்குள் ஓடைப் பக்கமிருந்து அவர்கள் வந்துவிட்டார்கள், இருபது முப்பது பேர். முன்னால் செல்வராணி, சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு. அவள் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டுமாம். நேராக என்னிடம் வந்தாள்.

"ஜெயக்கொடி, வழிய விடு. ஒம்மக பேரு எங்க ரெஜிஸ்டர்ல ஏறிருச்சு. ஒனக்காக வேணும்னா அவளுக்கு ரெண்டு முட்டையா வைக்கச் சொல்றேன்."

அவள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் பக்கத்திலும் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முதல் கல் நான் எறிந்ததுதான். போலீசில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், உங்களிடம் எதற்குப் பொய். அது அவள் மேல் படவில்லை, வண்டிக் கண்ணாடியில் பட்டுச் சிலீரென்று கொட்டியது. அப்புறம் யார் எறிந்தது யார் மேல் பட்டது என்று சொல்ல முடியாது. ஒரு காலனிப் பெரியவருக்கு வாயில் பட்டு முன்பல் நாலும் கையில் வந்துவிட்டது. அவர் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார், அடுத்த கல் நெற்றியில் விழுந்தது. அவர்களும் சும்மா இல்லை. சங்கிலி காதில் ஒருத்தன் கடித்து, பாதிக் காது தொங்கியது. எங்கள் பூசாரி முழங்கையை நாலு பேர் மடக்கி உடைத்தார்கள், பச்சை முருங்கைக் கொம்பு ஒடிகிற சத்தம். மிளகாய்ப்பொடி மட்டும் நான் சொன்னபடி மேற்கே நின்று வீசியதால் நன்றாக வேலை செய்தது. வண்டியைக் கவிழ்த்தோம். பெஞ்சுகள் சரிந்து விழுந்தன. நான் இரண்டாப்பில் உட்கார்ந்த பெஞ்சு டீச்சர், அடியில் ஆணியால் என் பேரைக் கீறி வைத்திருப்பேன். அதைத்தான் மிதித்து உடைத்துக் காலைப் பிடுங்கினோம். நல்ல தேக்கு. ஆளுக்கு ஒரு கால் கிடைத்தது.

அவர்கள் பின்னால் ஓட ஓட, நாங்கள் துரத்திக்கொண்டு ஓடையைத் தாண்டிவிட்டோம். பிறந்து வளர்ந்த ஊர், அன்றைக்குத்தான் நான் காலனிக்குள் கால் வைக்கிறேன். ஓட்டு வீடுகள், ஓட்டை எல்லாம் கம்பால் தட்டிக்கொண்டே போனார்கள், மழை மாதிரி விழுந்தது. ஒரு டிவிஎஸ் வண்டி எரிந்தது. ஆட்டுக்குட்டி ஒன்றை யாரோ காலைப் பிடித்துச் சுவரில் அடித்தார்கள். அது எதற்கு என்று எனக்கே புரியவில்லை.

பள்ளிக்கூடத்துக் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தார்கள். பிள்ளைகளை வைத்துப் பூட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றால், சத்தம் கேட்டது. ஆனால் பிள்ளைகளை ஒன்றும் பண்ண மாட்டோமே, அதனால் நினைக்கவில்லை. இரண்டு உதையில் கதவு போனது. உள்ளே போய் நான் போட்ட முதல் அடி சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியில். எங்கள் பள்ளிக்கு அப்படி ஒன்று கொடுத்தார்களா? பளிச்சென்று நெருப்பு வந்து அணைந்தது. பிள்ளைகள் எல்லாம் டேபிளுக்கு அடியில். ஒண்ணுக்கு நாற்றம். அவர்கள் டீச்சர் ஒரு மூலையில் நின்று காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். பலகையில் கலர் சாக்பீஸில் பூப் போட்டு, புதிதாக வந்தவர்களை வரவேற்கிறோம் என்று எழுதி, கீழே நாலு பேர். மூன்றாவது பேர் ஓவியஸ்ரீ, இவளுடைய முழுப் பேர். யார் எழுத்து என்று எனக்குத் தெரியாதா? ஐந்து வருஷம் பார்த்து எழுதின எழுத்து.

செல்வராணி பின்னாலேயே ஓடி வந்துவிட்டாள். எனக்கும் டேபிளுக்கும் நடுவில் வந்து நின்று கையை விரித்தாள்.

"கொடி, பிள்ளைக இருக்கு. வெளிய வா. வெளிய வந்து என்னைய என்ன வேணா பண்ணு."

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் அடித்தேன். பெஞ்சுக் கால் வலது மணிக்கட்டில் விழுந்தது. ஒரே அடி. போலீசில் ஏழு அடி என்று எழுதியிருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள், ஏழு அடி அடிக்கிற ஆளா நான்? கையை மடக்கிக்கொண்டு குனிந்தாள், அப்போது தலையில் ஒன்று. விழுந்த பிறகு ஒன்றோ இரண்டோ. நாலு இருக்கும், அதற்கு மேல் இல்லை. மண்டையில் பதினாலு தையல் போட்டதாகச் சொன்னார்கள். கையில் கம்பி வைத்திருக்கிறார்கள், விரல் மடங்கவில்லையாம். ஆள் பிழைத்துவிட்டாள், அதுவரை சாமி காப்பாற்றியது. இல்லாவிட்டால் கேஸ் வேறே மாதிரி போயிருக்கும்.

இனிமேல்தான் நான் உங்களிடம் சொல்ல வந்ததே இருக்கிறது டீச்சர்.

டேபிளுக்கு அடியிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து வந்தது. பார்த்தால் இவள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு, இரட்டைச் சடையோடு. பக்கத்து வீட்டிலிருந்து நழுவி, காலனிப் பிள்ளைகளோடு ஒன்பது மணிக்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். பள்ளி திறக்கிற நாள் அல்லவா, சடைகூட யாரோ பின்னிவிட்டிருக்கிறார்கள். "பாப்பா, இங்க வா" என்று கையை நீட்டினேன். கையில் பெஞ்சுக் கால் இருந்தது, அதைக் கீழே போட மறந்துவிட்டேன். வரவில்லை. விழுந்து கிடந்தவளுக்குப் பின்னால் போய், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துகொண்டாள். ரத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். புதுப் பாவாடை. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் என் தோளில் மரக்கட்டை மாதிரி இருந்தாள்.

பயந்த கோளாறுதான். ஜெயிலில் இருந்து வந்ததும் கோடாங்கியிடம் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருக்கிறேன், இதோ பாருங்கள். எனக்கு ஜெயில் பத்தொன்பது நாள். பெண்கள் சிறை ஒன்றும் மோசமில்லை, அரிசி கொஞ்சம் மோட்டா, அவ்வளவுதான். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் எங்கள் அறையில். எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்தேன். டீச்சரக்கா என்று கூப்பிட்டார்கள். சிரிக்காதீர்கள்.

வெளியே வந்து பார்த்தால், ஊர்ப் பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. திருவிழாச் சாமான் போட்டு வைத்திருக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகளும் மளிகைக் கடைக்காரர் பேத்தியும் மஞ்சள் வேனில் ஏறிவிட்டார்கள், அவரவர் மாமன் மச்சான் பார்த்துக்கொண்டார்கள். ஊருக்காகக் கல் பொறுக்கினவள் நான், ஜெயிலுக்குப் போனவள் நான், என் பிள்ளைக்கு மட்டும் வேன் நிற்கவில்லை. மெட்ரிக் பள்ளிக்குப் போய்க் கேட்டேன். "கேஸ்ல இருக்குறவங்க பிள்ளைன்னா மத்த பேரன்ட்ஸ் சங்கடப்படுவாங்கம்மா. சேந்து உக்கார வைக்க முடியாது" என்று வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னார்கள். எப்படி இருக்கும் சொல்லுங்கள். அவள் என்ன பண்ணினாள், பச்சைப் பிள்ளை. அம்மா செய்ததற்குப் பிள்ளையைத் தள்ளி வைப்பார்களா? மனுஷர்களா அவர்கள்? அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை டீச்சர்.

காலனிப் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். பேர் இங்கேதான் இருக்கிறது, பிள்ளையை அனுப்புங்கள், அவளை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று. செல்வராணியே சொல்லி அனுப்பினாளாம். அவளுடைய பெருந்தன்மை யாருக்கு வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் போகட்டும் என்கிறார். ஒரு வருஷம் போனால் அப்புறம் ஆடு மேய்ப்பு, அப்புறம் கல்யாணம். எனக்குத் தெரியாதா அந்த வழி. இவள் கெட்டிக்காரி டீச்சர். பாருங்கள், நான் பேசிக்கொண்டு இருக்கும்போதே உங்கள் சிவப்புப் பேனாவை வாங்கி நோட்டு அட்டையில் என்னவோ எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒரு மாதமாக வீட்டில் சிலேட்டைத் தொடவில்லை. உங்கள் பக்கத்தில் எப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்னிடம் இப்படி உட்கார்ந்து எத்தனை நாள் ஆகிறது.

சேர்த்துக்கொள்வீர்களா? நிஜமாகவா? நீங்கள்தான் ஹெச்.எம்.மா? சாமி, காலையில் யார் முகத்தில் விழித்தேனோ. நம்பரைக் கம்ப்யூட்டரில் நீங்களே மாற்றிக்கொள்வீர்களா? நான் காலனிக்குப் போய்க் கேட்க வேண்டியது இல்லையே? இன்றைக்கே வந்து உட்காரலாமா? கேட்டியா பாப்பா, டீச்சர் இன்னைக்கே வரச் சொல்றாங்க. பாருங்கள், இவள் சிரித்து நான் பார்த்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது.

புத்தகம், யூனிபார்ம், எல்லாம் அங்கேயே கொடுத்துவிடுவீர்கள். காலையிலும் சாப்பாடு. எத்தனை பிள்ளை? நூற்றுத் தொண்ணூறா? அரசாங்கப் பள்ளியில் நூற்றுத் தொண்ணூறு பிள்ளை என்றால் பெரிய விஷயம் டீச்சர். பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? கடைத் தெருவா?

ரயில்வே கேட்டுக்குப் பின்னாலா. அங்கே நகராட்சிக் குடியிருப்பு ஒன்று இருக்குமே, தெருக் கூட்டுகிற, சாக்கடை அள்ளுகிற ஆட்கள் வீடுகள். அதற்கு உள்ளேயா, வெளியேயா?

ஓ. உள்ளே.

பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தானா? மற்றவர்களும் வருவார்கள் இல்லையா? ஒருத்தர்கூடவா? தண்ணீர்க் குழாய் ஒன்றுதானா எல்லாருக்கும்?

இல்லை டீச்சர், எனக்கு ஒன்றும் இல்லை. நான்தான் சொன்னேனே. கேட் பூட்டினால் நின்று போக வேண்டும், ரோடு வேறு தாண்ட வேண்டும், சின்னப் பிள்ளை பாருங்கள். இவள் அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவர் சரி என்றால் அடுத்த வாரம் பார்க்கலாம். அடுத்த மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்டாப்பு வந்துவிட்டதா? இருங்கள், நான் காலை ஒதுக்குகிறேன். பார்த்து இறங்குங்கள்.

ஏய், நீ எங்கடி எந்திரிச்ச? உக்காரு. டீச்சர் பையை விடு. சொன்னால் கேட்க மாட்டாள் டீச்சர், அப்படியே அப்பா பிடிவாதம். விடுடி கையை. நாலு பேர் பாக்குறாங்க. விடுங்கிறேன்ல.

அது ஒன்றும் இல்லை டீச்சர், லேசாக ஒரு தட்டு. சத்தம்தான் பெரிதாகக் கேட்கும், வலிக்காது. உதட்டில் பல் பட்டிருக்கிறது, அதனால்தான் ரத்தம். அழ மாட்டாள். அன்றையிலிருந்து இவள் அழுவதே இல்லை.

நீங்கள் இறங்குங்கள், கண்டக்டர் விசில் ஊதுகிறார். எங்களுக்கு அடுத்த ஸ்டாப்பு.